படம் தொடக்கம்

வண்டி வருவதற்கு வெகு முன்னாலேயே மாசிலாமணி திண்டுக்கல் ஸ்டேஷனுக்கு வந்து பெஞ்சில் இடம் பிடித்துவிட்டார். சீக்கிரம் வந்து உட்கார்ந்தால் முகம் சீக்கிரம் தெரிந்துவிடுமாக்கும் என்று தன்னைத்தானே கேலியும் செய்துகொண்டார். மாயவரத்திலிருந்து வருகிற அபயாம்பாளை அவர் இதுவரை கண்ணால் பார்த்தது கிடையாது. போட்டோ கிடையாது. என்ன நிறத்துப் புடவை, கையில் என்ன பை என்று எதுவும் கேட்கக்கூடாது என்பது பேச்சு. இறங்குகிற கூட்டத்தில் அவராகவே பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தால் மற்றதைப் பேசலாம், இல்லையென்றால் சாயங்கால வண்டியில் நான் பாட்டுக்குத் திரும்பிவிடுவேன், அதற்கப்புறம் போனும் வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள். வாயில் எப்போதும் 'நீங்க'தான் என்றாலும் மனசுக்குள் எந்த மாதத்திலோ அவள் 'அவள்' ஆகிவிட்டிருந்தாள். அறுபத்திரண்டு வயதில் இது என்ன கூத்து என்று யாராவது கேட்டால் கேட்கட்டும், காலையில் கண்ணாடி முன்னால் நின்று மீசையை ஒதுக்கும்போது சந்தோஷமாக இருந்தது, அதை ஏன் மறைப்பானேன். உட்கார்ந்திருந்தது முதுகோடு முதுகு ஒட்டிப் போட்ட இரட்டை பெஞ்சு. அந்தப் பக்கம், இரண்டாவது பிளாட்பாரத்தைப் பார்த்தபடி யாரோ ஒரு அம்மாள் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நரைத்த கொண்டையும் ஒரு முழங்கையும் தெரிந்தன. வண்டியில் வராதவர்களைப் பார்த்து நமக்கு என்ன ஆகப்போகிறது என்று மாசிலாமணி திரும்பித் தண்டவாளத்தைப் பார்த்தார். தண்டவாளம் வெறுமனே கிடந்தது. தூரத்தில் சிறுமலை இருந்த இடத்தில் இன்றைக்கு மேகம்தான் இருந்தது, ஆனால் மலை அங்கேதான் இருக்கிறது என்று தெரியும், இப்படிப் பார்க்காமலே தெரிகிற சங்கதி எத்தனையோ உண்டு என்று நினைத்ததில் கொஞ்சம் தைரியம் வந்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு பலாச்சுளை. கண் தெரியாத மாணவர்களுக்குப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுக்கும் சங்கம் ஒன்று திருச்சியில் இருக்கிறது. சர்வேயர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வீட்டில் பேச ஆளில்லாமல் தொண்டை துருப்பிடித்துப் போய்விடுமோ என்று பயந்த சமயத்தில், மாசிலாமணி அதில் பேர் கொடுத்தார். யாரும் தொடாத புத்தகத்தைப் புது ஆள் தலையில் கட்டுவது எல்லா ஆபீசிலும் நடக்கிறதுதான், அப்படி அவர் தலையில் விழுந்தது கிரேக்க நாட்டுத் தத்துவம் பற்றிய பாடநூல். உண்மை என்பது என்ன, நமக்குத் தெரியும் என்கிறோமே அது எப்படித் தெரியும், இந்த இரண்டு கேள்வியை வைத்துக்கொண்டு இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் அந்த ஊர்ப் பெரியவர்கள் அடித்துக்கொண்ட கதை. அதில் ஒரு குகை வருகிறது. பிறந்ததிலிருந்து கட்டிப்போட்ட சனங்கள் சுவரில் விழுகிற நிழலையே பார்த்துப் பார்த்து, நிழல்தான் உலகம் என்று இருக்கிறார்கள். ஒருவனை அவிழ்த்து விடுகிறார்கள், அவன் வெளியே போய் வெயிலைப் பார்த்துக் கண் கூசி, பிறகு தெளிந்து, திரும்பி வந்து மற்றவர்களிடம் சொல்ல, அவர்கள் அவனைப் பைத்தியக்காரன் என்கிறார்கள். மாசிலாமணி இதைப் பதிவு செய்த அன்று மத்தியானம் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சிறுமலைப் பலாப்பழம் தின்றிருந்தார். பதிவை அனுப்பி ஒரு வாரம் கழித்து, தெரியாத நம்பரிலிருந்து ஒரு பெண் குரல். "சார், நான் மாயவரத்துலேருந்து அபயாம்பாள் பேசறேன். உங்க பதிவையெல்லாம் கேட்டுச் சரி பாக்கறது நான்தான். சார், ரெண்டு பக்கம் விட்டுட்டீங்க." விடவே இல்லை என்று அவர் சாதித்தார். சர்வேயர் அல்லவா, கல்லை நட்டால் நட்டதுதான். அந்தக் குரல் கோபப்படவில்லை. "இல்லீங்க சார். அந்த ஆளு குகையை விட்டு வெளிய போகவே இல்ல, ஆனா திரும்பி வந்துட்டான்னு வாசிச்சிருக்கீங்க. போகாதவன் எப்படி சார் திரும்பி வருவான்?" புத்தகத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பலாப் பிசின். வெயில் வருகிற இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. தேங்காய் எண்ணெய் தடவிப் பிரித்தபோது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது, மனைவி போன பிறகு அந்த வீட்டில் சத்தமாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

கடலை உடைகிற சத்தம் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு காக்காய் வந்து தொலிக்காகத் தாவிவிட்டுப் போயிற்று. படங்களைப் பற்றி அவள் சொல்லிக் கொடுத்த விதியை மாசிலாமணி நினைத்துக்கொண்டார். புத்தகத்தில் படம் வந்தால் 'படம் தொடக்கம்' என்று சொல்லி, இருப்பதைச் சொல்லி, 'படம் முடிவு' என்று முடிக்க வேண்டும், அப்போதுதான் கேட்கிறவருக்கு எது பாடம், எது படம் என்று தெரியும். முதல் தடவை அவர் "ஒரு அழகான குகை" என்று ஆரம்பித்துவிட்டார். "அழகுன்னு நீங்க சொல்லக்கூடாது சார். இருக்கறதைச் சொல்லுங்க. எதையும் விடாதீங்க, எதையும் கூட்டாதீங்க. அழகா இல்லையான்னு கேக்கறவங்க பாத்துக்குவாங்க" என்றாள். அதற்கப்புறம் அந்த விதி அவரைத் தொற்றிக்கொண்டுவிட்டது. பஸ்ஸில் போனால், ஓட்டலில் உட்கார்ந்தால், மனம் குழம்பினால் உடனே உள்ளுக்குள் 'படம் தொடக்கம்' ஓடும், சில சமயம் வாய் முணுமுணுத்தே விடும், பக்கத்து சீட்டுக்காரர் தள்ளி உட்காருவார். இன்னொரு சங்கடம் அந்தக் கிரேக்கப் பேர்கள். சாக்ரடீஸைத் தவிர ஒன்றும் நாக்கில் நிற்கவில்லை. ஒரே பேரை ஒரே பத்தியில் மூன்று விதமாக வாசித்து, அவள் மூன்று தடவை திருப்பி அனுப்பி, கடைசியில் இருவருமாகத் தங்களுக்குள் பட்டப்பெயர் வைத்துக்கொண்டார்கள். எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது என்றவர் தண்ணிக்காரர். ஒரே ஆற்றில் இரண்டு முறை இறங்க முடியாது என்றவர் ஆற்றுக்காரர். "எங்க ஊருக்கு வந்து பாக்கச் சொல்லுங்க சார், காவேரியில ஒரு முறை இறங்கறதுக்கே தண்ணியில்ல" என்று அவள் சொன்னபோது போனில் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எதுவும் மாறாது, அசையாது, அசைவதாகத் தெரிவது பொய் என்றவர் பாறைக்காரர். தித்திப்பும் கசப்பும் நம் வழக்கம், நிஜத்தில் இருப்பது துகளும் வெட்டவெளியும்தான் என்றவர் துகள்காரர். மனுஷனே எல்லாவற்றுக்கும் அளவுகோல் என்றவர் அளவுக்காரர், அவர் சர்வேயர் மாசிலாமணிக்குச் சொந்தக்காரர் மாதிரி. பேச்சு வேலையில் ஆரம்பித்து, தண்ணிக்காரரில் புகுந்து, அன்றைக்கு என்ன குழம்பு என்பதில் வந்து நிற்கும். இடையில் போனில் 'டிக், டிக்' என்று ஒரு சத்தம் வரும், லைன் கோளாறு என்று நினைத்துக் கம்பெனிக்காரனை அவர் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறார். ஒரு வருஷம் இப்படியே ஓடியது.

ஆனால் தெரியும் என்பது என்ன, அதுதானே இப்போது கேள்வி. மனைவி கமலவேணியோடு முப்பது வருஷம் குடித்தனம் நடத்தினார். அவள் நடக்கிற சத்தத்தை வைத்தே கோபமா சாந்தமா என்று சொல்லிவிடுவார், அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். அவள் போய் முதல் வருஷத் திதியன்று அவளுடைய தங்கை, யாரிடமோ பேசும்போது போகிற போக்கில், "அக்காவுக்கு உப்புமான்னாலே ஆகாது, சின்னதுலருந்து" என்று சொன்னாள். மாசிலாமணி கையில் இலையோடு அப்படியே நின்றுவிட்டார். அவருக்கு உப்புமா உயிர். வாரத்துக்கு நாலு நாள் அந்த வீட்டில் உப்புமா. எதிரே உட்கார்ந்து அவளும் சாப்பிடுவாள், ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. சுளித்திருப்பாளோ, நான்தான் பார்க்கவில்லையோ. ஊரிலுள்ள வயல்களை எல்லாம் அங்குல சுத்தமாக அளந்தவர் தன் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டை அளக்கவில்லை. அன்றைக்கு அழுத அழுகை அவள் செத்த அன்றுகூட அழவில்லை. புறாக்கூண்டு என்று ஒரு கதை அந்தப் புத்தகத்தில் வரும். மனசு ஒரு புறாக்கூண்டு, தெரிந்துகொண்டதெல்லாம் உள்ளே பறக்கிற பறவைகள், ஒன்றைப் பிடிக்கப் போய்க் கை தவறி இன்னொன்றைப் பிடித்துவிடுகிறோம், அதுதான் தப்பறிவு. கமலவேணி விஷயத்தில் கூண்டில் அந்தப் பறவையே இல்லை. இந்தப் பெண்மணி விஷயத்தில் கூண்டில் இருப்பது என்ன? ஒரு குரல், கொஞ்சம் சிரிப்பு, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், தம்பி வீட்டு மாடியறையில் இருக்கிறாள், கல்யாணம் ஆகவில்லை. அவ்வளவுதான். கறி சாப்பிடுவாளா மாட்டாளா என்றுகூடத் தெரியாது. அதனால் காலையில் சாம்பாரும் வைத்து, கறிக்குழம்பும் வைத்து, இரண்டையும் வெவ்வேறு அடுப்பில் மூடிவிட்டு வந்திருக்கிறார். உப்புமா செய்யவில்லை. மூடினதை நினைத்ததும் கேஸை அணைத்தோமா என்று பகீரென்றது, அணைத்தது நினைவிருந்தது, நினைவு நிஜமா என்று, எதையும் நம்பாதே என்று புத்தகத்தில் வருகிற சந்தேகக்காரரைப் போல ஆரம்பித்தால் இன்றைக்கு வீட்டுக்கும் போக முடியாது, ஸ்டேஷனிலும் இருக்க முடியாது. அணைத்தாயிற்று, அணைத்தாயிற்று.

தெரியும் என்பது என்ன என்கிற அந்தக் கேள்வி வந்த பாடம்தான் எல்லாவற்றையும் கிளப்பிவிட்டது. ஒருவன் சாக்ரடீஸை மடக்குகிறான். தெரியாத ஒன்றை எப்படி ஐயா தேடுவாய்? எது என்றே தெரியாதே. சரி, அதன்மேலேயே தடுக்கி விழுந்தாலும், தேடியது இதுதான் என்று உனக்கு எப்படித் தெரியும்? அதற்குப் பெரியவர் சொல்கிற பதில் விநோதம். உயிருக்கு எல்லாம் முன்னமே தெரியும், மறந்துபோயிருக்கிறது, தெரிந்துகொள்வது என்பது நினைவுக்கு வருவதுதான் என்கிறார். அந்தப் பாடத்தைச் சரி பார்த்து முடித்த அன்று ராத்திரி மாசிலாமணியின் வாய் அவரைக் கேட்காமல் பேசிவிட்டது. "நீங்க இங்கயே வந்துடுங்களேன்." சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, அந்த 'டிக்' சத்தம்கூட நின்றுவிட்டது. பிறகு அவள் பேசினாள், முதன்முதலாகச் சிரிப்பில்லாமல். "என்னைப் பொண்ணு பாக்கக் கேட்டவங்களுக்கெல்லாம் எங்கப்பா போட்டோவை அனுப்புவாரு சார். போட்டோவோட சரி. ஒருத்தரும் வீட்டுப் படியேறி வரல. ஒருத்தர் மட்டும் போட்டோ பாக்காம வந்தாரு, பாத்துட்டு காபியைக்கூடக் குடிக்காம போயிட்டாரு. அதனால இந்தத் தடவை போட்டோ கிடையாது. நீங்க தெரியாததைத் தேடறவராச்சே, தேடிக் கண்டுபிடிங்க." கடைசி வாக்கியத்தில் கேலியை வரவழைத்துக்கொண்டாள், ஆனால் கேலியின் அடியில் என்ன இருந்தது என்று அவருக்குக் கேட்டது. ஏன் போட்டோவோடு சரி என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாமோ. கேட்டால் போட்டோ கேட்ட மாதிரி ஆகிவிடாதா.

டீ குடிக்கலாம் என்று தோன்றியது. பெஞ்சுக்கு எதிரே டீ ஸ்டால், அதை நடத்துகிற மூக்கையா அவருக்குப் பழக்கம். உட்கார்ந்த இடத்திலிருந்தே, "மூக்கையா, ஒரு டீ குடுப்பா. சர்க்கரை கம்மியா" என்றார். பின்னால் கடலைச் சத்தம் நின்றது. மூக்கையா கிளாசைக் கொண்டுவந்து நீட்டியபடி, "என்ன சார், சட்டையெல்லாம் கஞ்சி போட்டு வெறைப்பா இருக்கு. யாரைக் கூப்புட வந்தீக?" என்றார்.

"ஒரு ஃபிரண்டு. மாயவரத்து வண்டியில."

"அந்த வண்டியா? அது இன்னும் அய்யலூரத் தாண்டலையாம். லேட்டு சார். செத்த நேரம் ஆகும்."

"ஆகட்டும். வர்றப்ப வரட்டும்."

அப்படிச் சொன்னது வாய்ப்பேச்சுக்கு அல்ல, நிஜமாகவே நிம்மதியாக இருந்தது. வண்டி வராத வரைக்கும் எதுவும் தப்பாகிவிடவில்லை. ஆமையைப் பற்றிச் சொன்ன ஒருவரை அவர்கள் ஆமைக்காரர் என்பார்கள். எங்கே போக வேண்டுமானாலும் முதலில் பாதி தூரம் போகவேண்டும், மீதியில் பாதி, அதில் பாதி, இப்படியே போனால் போய்ச் சேரவே முடியாது என்பது அவர் வாதம். வண்டி அய்யலூரில் நிற்கிறது, வடமதுரை பாதி, அப்புறம் அதில் பாதி, அபயாம்பாள் ஜன்னலோரம் உட்கார்ந்து பாதி பாதியாக வந்துகொண்டே இருக்கிறாள், நான் டீ குடித்துக்கொண்டே இருக்கிறேன், இப்படியே இருந்தாலும் என்ன மோசம். டீ நன்றாக இருந்தது. காய்ச்சல்காரனுக்குத் தேனும் கசக்கும் என்று அளவுக்காரர் கட்சியில் ஒரு பேச்சு உண்டு, அப்படிப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கிறவனுக்கு ஸ்டேஷன் டீயும் அமிர்தம்தான், துகள்காரர் வந்து இதில் தித்திப்பே இல்லை, வெறும் துகள்தான் என்றால் போய்யா என்று சொல்லலாம். ஜன்னலோரத்து அபயாம்பாளுக்கு மனம் ஒரு முகத்தைப் போட்டுப் பார்த்தது. இது இன்று நேற்றுப் பழக்கமா? குரல் கேட்ட முதல் நாளே ஒரு முகத்தைத் தயார் செய்துவிட்டது. மாநிறம், நீள மூக்கு, நெற்றியில் பெரிய குங்குமம், கொஞ்சம் பூசினாற்போல் உடம்பு, கண்ணில் குறும்பு. யார் கொடுத்த முகம் இது? அவள் சொன்னதில்லை. அவராகவே செய்து, அவராகவே மாட்டி, ஒரு வருஷமாக அந்த முகத்தோடுதான் பேசிக்கொண்டிருக்கிறார். சுவரில் நிழல் பார்க்கிறவனைக் கட்டிப்போட வேண்டிய அவசியமே இல்லை, அவனே சௌகரியமாக உட்கார்ந்துகொள்கிறான். அப்போது தண்டவாளம் முணுமுணுக்க ஆரம்பித்தது. ஆமைக்காரர் தோற்றார். கிளாசில் பாதி டீ இருக்கும்போதே மாசிலாமணி எழுந்து நின்றார்.

வண்டி வந்து நின்றதும் வந்த கூட்டத்தைச் சொல்லி முடியாது. முறுக்குக் கூடைகள், மூட்டைகள், தூங்கி வழிகிற குழந்தைகள், மொட்டையடித்த ஒரு குடும்பம். பெண்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். இவளா, இல்லை, கையில் குழந்தை. இவளா, இல்லை, வயது போதாது. இவளா, இருக்கலாம், இல்லை, மகன் வந்து காலில் விழுகிறான். ஒவ்வொரு முகமும் ஒரு நொடி அபயாம்பாளாக இருந்துவிட்டு வேறு யாரோவாகிப் போயிற்று. அப்போதுதான் நாலாவது பெட்டியிலிருந்து கடுகு நிறப் பட்டுப்புடவையில் ஒருத்தி இறங்கினாள். மாநிறம். நீள மூக்கு. பெரிய குங்குமம். இறங்கி நின்று யாரையோ தேடுகிற மாதிரி இரண்டு பக்கமும் பார்த்தாள், கண்ணில் அதே குறும்பு. மாசிலாமணி கிளாசோடு ஓடினார். "அபயாம்பாள்தானே? நான் மாசிலாமணி!" என்றார், டீ தளும்பிச் சட்டையில் கொட்டியது. அந்த அம்மாள் ஒரு அடி பின்வாங்கி, "யாருங்க? இல்லீங்களே" என்றாள். அது வேறு குரல். ஒரு வார்த்தையிலேயே தெரிந்துவிட்டது, அது எந்த ஜன்மத்திலும் அபயாம்பாளின் குரல் இல்லை. அவளுக்குப் பின்னால் இரண்டு சூட்கேசோடு ஒருவர் இறங்கி, "என்ன சார், என்ன வேணும்?" என்றார். "மன்னிக்கணும், ஆள் மாறிப்போச்சு" என்று சொல்லி மாசிலாமணி கும்பிட்டார். கை தவறி வேறு புறாவைப் பிடித்தாயிற்று. ஆனால் இது கை தவறியது மட்டும்தானா? இத்தனை பெண்களில் பார்க்க லட்சணமாக இருந்த ஒருத்தியிடம் ஓடினாயே, மற்றவர்களை எல்லாம் இல்லை இல்லை என்று தள்ளினாயே, போட்டோவைப் பார்த்துவிட்டு மாயவரத்துக்கு வராமலே போன அந்த மாப்பிள்ளைகளுக்கும் உனக்கும் என்னடா வித்தியாசம் என்று உள்ளே ஒன்று கேட்டது. அவருக்கு வெட்கமாக இருந்தது. அவளும் இந்தக் கூட்டத்தில் எங்கோ நின்று இதைப் பார்த்திருப்பாள் என்று தோன்றியபோது வெட்கம் போய் பயம் வந்தது.

வண்டி கிளம்பிப் போயிற்று. கூட்டம் படியேறிக் கரைந்தது. பிளாட்பாரத்தில் ஒருவரும் பாக்கியில்லை. அவள் வரவே இல்லையா, வந்து பார்த்துவிட்டு வெளியே போய்விட்டாளா, இரண்டில் எது என்று தெரிந்துகொள்ள வழியில்லை. போன் செய்யலாம் என்று சட்டைப் பையைத் தொட்டவர் கையை எடுத்துக்கொண்டார், பேச்சு பேச்சுதான். மெல்ல நடந்து வந்து பழைய பெஞ்சில் பழைய இடத்தில் உட்கார்ந்து காலிக் கிளாசைப் பக்கத்தில் வைத்தார். வீட்டில் இரண்டு குழம்பு. யார் தின்பது. இனி அந்தக் குரல் கிடையாது, தண்ணிக்காரர் கிடையாது, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் போனைப் பார்க்க வேண்டிய அவசியம் கிடையாது, பழையபடி டிவிச் சத்தம்தான். அழுதுவிடுவோமோ என்று கண்ணை மூடிக்கொண்டார். மூடியதும் பழக்க தோஷம், வாய் தானாக ஆரம்பித்துவிட்டது. "படம் தொடக்கம்," என்று முணுமுணுத்தார். "ஒரு ரயில்வே பிளாட்பாரம். மேலே தகரக் கூரை. எதிரே ஒரு டீ ஸ்டால். ஸ்டாலுக்கு இந்தப் பக்கம் ஒரு பெஞ்சு. பெஞ்சில் ஒரு வயதான ஆள் உட்கார்ந்திருக்கிறார். சட்டையில் டீக் கறை. கையில் ஒன்றும் இல்லை. வேறு ஒருவரும் இல்லை. படம்..." 'முடிவு' என்று சொல்ல வாயெடுத்தார். பின்னால் 'டிக்' என்றது. மாசிலாமணியின் வாய் அப்படியே நின்றது. இந்தச் சத்தம். இது ஸ்டேஷனில் மட்டும் கேட்ட சத்தம் இல்லை. இது ஆற்றுக்காரருக்கு நடுவில் கேட்டது, தண்ணிக்காரருக்கு நடுவில் கேட்டது, வந்துடுங்களேன் என்று அவர் கேட்ட அந்த ஒரு ராத்திரி மட்டும் நின்றிருந்தது. ஒரு வருஷமாகத் தினமும் காதுக்குள் விழுந்திருக்கிறது. தெரிந்திருக்கிறது. தெரியும் என்பது மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறது. கம்பெனிக்காரனை எத்தனை திட்டு திட்டினோம், பாவம். கண்ணைத் திறக்காமல், திரும்பாமல், "லைன் கோளாறுன்னு நெனச்சேன். கடலையா அது?" என்று கேட்டார்.

இன்னொரு கடலை உடைந்தது. பிறகு அந்தக் குரல், போன் இல்லாமல், அவர் பிடரிக்குப் பக்கத்திலேயே கேட்டது. "சார், ஒரு ஆளை விட்டுட்டீங்க."

"அபயம்," என்றார் மாசிலாமணி. பேரை அப்படிச் சுருக்கி அவர் கூப்பிட்டதே இல்லை. "எப்ப வந்தீங்க?"

"முந்தின வண்டியில. நேத்தே திருச்சிக்கு வந்து சிநேகிதி வீட்டுல தங்கிட்டேன். நீங்க கண்டுபிடிக்கலேன்னா சத்தம் போடாம எழுந்து போயிடலாம்னுதான். நீங்க டீ கேட்டப்பவே நீங்கன்னு தெரிஞ்சுபோச்சு. எக்ஸ்சேஞ்சுல இருந்தவளுக்கு ஒரு வார்த்தை போதாதா?" குரல் ஒரு முறை தடுக்கியது. "அந்தப் பட்டுப்புடவையம்மா நல்லா லட்சணமா இருந்தாங்க."

"இருந்தாங்க," என்றார் அவர். பொய் சொல்ல வரவில்லை. "குரல்தான் சரியில்ல."

அவள் சிரித்தாள், சிரிப்பு பாதியில் நின்றது. "சரி, திரும்புங்க சார். இந்தப் படத்தையும் சொல்லிடுங்க. விதி தெரியுமில்ல, எதையும் விடக்கூடாது." விளையாட்டாகச் சொன்னாலும், இதற்காகத்தான் அவள் மாயவரத்திலிருந்து வந்திருக்கிறாள் என்று அவருக்கு விளங்கியது.

மாசிலாமணி கண்ணைத் திறந்து, எழுந்து, பெஞ்சைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். ஒரு வருஷமாக அவர் செய்து வைத்திருந்த முகத்தில் ஒரு துளிகூட இங்கே இல்லை. ஆனால் வேறு யாரோ என்று ஒரு நொடியும் தோன்றவில்லை. எப்படித் தெரியும் என்று சாக்ரடீஸை மடக்கினவன் வந்து கேட்டால் சொல்லத் தெரியாது, இவள்தான், அவ்வளவுதான். எதிரே நின்று, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, மைக் முன்னால் வாசிக்கிற அதே குரலில் ஆரம்பித்தார்.

"படம் தொடக்கம். ஒரு பெண். வயது அறுபதுக்குள். பச்சை நிறக் கைத்தறிப் புடவை. நரைத்த கொண்டை. இடது நெற்றியிலிருந்து கன்னம் முழுக்க, தாடை வரைக்கும், கருஞ்சிவப்பாக ஒரு பிறவி மச்சம்." அவள் இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள், பெஞ்சின் விளிம்பைக் கை இறுக்கிப் பிடித்திருந்தது. அவர் அவசரப்படவில்லை, குரலை இறக்கவும் இல்லை. "மச்சம் இடது கண்ணைச் சுற்றிக்கொண்டு போகிறது. இரண்டு கண்ணிலும் தண்ணீர் இருக்கிறது. மடியில் கடலைத் தொலி. உதட்டு ஓரத்திலும் ஒரு தொலி ஒட்டியிருக்கிறது." ஒரு வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விதிப்படி அது கூடாது. விழுங்கிக்கொண்டார்.

அபயாம்பாள் காத்திருந்தாள். உதட்டைத் துடைத்துக்கொண்டாள். "படம் முடிவுன்னு சொல்லலியே?" என்றாள் மெல்ல.

"இன்னும் பாத்து முடியலீங்க."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மடியிலிருந்த தொலியைத் தட்டினாள், தேவைக்கு மேல் வெகு நேரம் தட்டினாள். டீ ஸ்டாலிலிருந்து மூக்கையா எட்டிப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி கிளாஸ் கழுவப் போனார். அவள் எழுந்து, பையை எடுத்து, கேட்காமலே அவர் கையில் கொடுத்தாள். "நடந்துகிட்டே பாருங்க. காலையிலேருந்து வெறும் கடலைதான், எனக்குப் பசிக்குது."

இருவரும் படியேறினார்கள். பாதிப் படியில் மாசிலாமணி நின்று, வீட்டில் மூடி வைத்துவிட்டு வந்த இரண்டு அடுப்பையும் நினைத்துக்கொண்டு, "நீங்க கறி சாப்பிடுவீங்களா?" என்று கேட்டார்.

"ஒரு வருஷமா பேசறோம். அதுகூடத் தெரியாதா உங்களுக்கு?"

"தெரியாது," என்றார் மாசிலாமணி. அந்த வார்த்தையை வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக அவர் சொன்னதே கிடையாது.